அக்கா கழுத்தில் கிடந்த எகிப்து ராஜா

ருவாசி விமான நிலையத்தில் நான் இறங்கியபோது காலை ஆறரை மணி. வெளியே கும்மிருட்டு. பம்பாயில் ஏறும்போது போட்டிருந்த அரைக்கைச் சட்டையோடு கண்ணாடிக் கதவைத் தாண்டினேன். அடுத்த நிமிஷமே பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்தன. 1987 அக்டோபர் மாதம் அது. ஐப்பசி பிறக்கப்போகிறது, மழைக்கோட்டு எடுத்து வை என்று சொன்ன மனைவியிடம், பாரிஸில் எல்லாம் ஐப்பசி கிடையாது என்று வீரம் பேசிவிட்டு வந்திருந்தேன்.

கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஆளுக்குப் பாரிஸில் என்ன வேலை என்று விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல வாய் வரவில்லை. அக்காவின் தாலியை வாங்கிக்கொண்டு வரப் போகிறேன் என்று முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது?

ராஜி அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். புதுச்சேரி மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பிரான்ஸுக்குப் போனவள். அத்தான் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், தபால் இலாகாவில் வேலை. முந்தைய நவம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். பத்தாம் நாள் புதுச்சேரிப் பெண்கள் நாலு பேர் வந்து அக்காவின் தாலியைக் கழற்றிப் பாலில் போட்டுச் சடங்கை முடித்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தாலி இன்னும் அவள் வீட்டு அலமாரியிலேயே கிடக்கிறது என்பது எங்கள் வீட்டில் பெரிய உறுத்தல். எங்கள் பக்கத்து வழக்கப்படி அது கோயில் உண்டியலுக்குப் போய்ச் சேரவேண்டிய பொருள்.

"வருஷம் திரும்பறதுக்குள்ள வாங்கிட்டு வந்துடு. நம்ம பெருமாள் உண்டியல்ல சேத்துடலாம். இன்னொண்ணு, போட்டோவுல பாத்தேன், கழுத்துல என்னமோ தொங்க விட்டுக்கிட்டு நிக்கறா. அதையும் என்னன்னு கேளு" என்று சொல்லி அனுப்பினார் பெரியப்பா. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

என்னை அழைத்துப் போக அக்காவின் மகள் மாலா வந்திருந்தாள். இருபது வயது, கல்லூரி மாணவி, பாரிஸிலேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் முதலில் பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு தமிழுக்கு வருவாள். அம்மா அவளுக்கு மமோன், அப்பா பப்பா. கார் து நோர் ரயில் நிலையம் வரை ஒரு ரயில். அங்கே வேறு ரயில் மாறி, வடக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டரில் கார்ஜ் லே கொனெஸ். ரயிலடியிலிருந்து பத்து நிமிஷ நடை. தீப்பெட்டி அடுக்கியதுபோல் அரசாங்கக் குடியிருப்புகள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐந்தாவது மாடி ஏறுவதற்குள் அரைக்கைச் சட்டையிலேயே எனக்கு வியர்த்துவிட்டது.

தாலியில்லாத கழுத்தோடு நிற்பாள், பார்த்து அழுதுவிடக் கூடாது என்று மாடிப்படி முழுக்க மனத்தைத் தேற்றிக்கொண்டு ஏறினேன். கதவைத் திறந்தவள் கழுத்தில் மெல்லிய பொன் சங்கிலி. அதில் புளியங்கொட்டை அளவில், பச்சையும் நீலமும் கலந்த ஒரு கல் வண்டு.

"என்னடா முழிக்கற? உள்ள வா, குளிர் ஏறுது" என்றாள் அக்கா.

சாப்பிட்டு முடித்ததும் மெல்லப் பேச்சை எடுத்தேன். எனக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது. பெரியப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். அக்கா மறுபேச்சுப் பேசாமல் எழுந்துபோய், மஞ்சள் துணியில் முடிந்த பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"போகும்போது எடுத்துட்டுப் போ. எனக்கு அதைப் பாத்துப் பாத்து அழத்தான் தோணுது. எனக்கு இது போதும்" என்று வண்டைத் தொட்டுக் காட்டினாள்.

"சாணியுருட்டி வண்டு மாதிரி இருக்கே அக்கா."

"மாதிரி என்ன மாதிரி? அதேதான். எகிப்துல அதுதான் சாமியாம். இதுக்கு அடியில பாரு, எழுத்து இருக்கும். அது உங்க அத்தான் பேரு."

கல்யாணமான மறு வருஷம் அத்தான் முதலில் தனியாகக் கப்பலேறியிருக்கிறார். சூயஸ் கால்வாய் தாண்டி போர்ட் சயீதில் கப்பல் நின்றபோது, சுற்றிலும் படகுகளில் வியாபாரிகள். ஒருவன், பெயரைச் சொன்னால் அந்தக் காலத்து எகிப்து எழுத்தில் கல்லில் வெட்டித் தருவேன் என்று கை ஜாடையில் சொன்னானாம். அத்தான் தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவன் படகுக்குள் குனிந்து என்னவோ செய்து, ஐந்து நிமிஷத்தில் கயிற்றுக் கூடையில் வைத்து மேலே அனுப்பிவிட்டான்.

அடுத்த வருஷம் அக்கா மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கியதும் முதல் வேலையாக அதை அவள் கழுத்தில் போட்டிருக்கிறார். "உன் வாயில வராத என் பேரு உன் கழுத்துலயாவது கெடக்கட்டும்" என்று சிரித்தாராம்.

அக்கா அந்தக் காலத்து மனுஷி. புருஷன் பெயரை உச்சரிக்க மாட்டாள். பிரான்ஸுக்கு வந்து இத்தனை வருஷமாகியும், எந்த அலுவலகத்தில் கேட்டாலும் மாலாவைத்தான் சொல்ல வைப்பாள். துக்கத்துக்கு வந்த பெண்கள் வண்டையும் கழற்றச் சொன்னபோது, "இது நகை இல்ல, அவர் பேரு. பேரைக் கழட்டச் சொல்ற சாஸ்திரம் எதுல இருக்கு?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெற்றிக் களை. தாலியைக் கொடுத்தனுப்ப அவள் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்த வாரம் சனிக்கிழமை மாலா என்னை ஊர் சுற்றிக்காட்ட அழைத்துப்போனாள். கொன்கோர்த் சதுக்கத்தின் நடுவே எகிப்திலிருந்து கொண்டுவந்து நிறுத்திய ஒற்றைக்கல் தூண். இருபத்துமூன்று மீட்டர் உயரம். அடியிலிருந்து நுனிவரை பறவையும் பாம்பும் கண்ணும் காலுமாக எழுத்துகள். கார்கள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"மாமா, அங்க பாருங்க, முட்டை மாதிரி ஒரு வளையம் இருக்குல்ல? அடியில கயிறு முடிச்சு. அதுக்குள்ள ராஜா பேர் மட்டும்தான் எழுதுவாங்க. வேற யாருக்கும் அந்த வளையம் போட மாட்டாங்க. லிசேல, ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க."

"ஏன், மந்திரிக்குக் கூடவா கிடையாது?"

"நோன். ராஜாவுக்கும் ராணிக்கும்தான்."

நல்ல ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் மின்விசிறி நன்கொடை கொடுத்தவன் கூட றெக்கைக்கு றெக்கை பெயர் எழுதிவிடுகிறான். தூணின் எதிர்ப்பக்கம் போய் அங்கேயும் வளையங்களை எண்ணினேன். அப்போது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லா சப்பல். வண்டின் பொன் விளிம்பில் சங்கிலி கோக்கும் வளையம் தேய்ந்து அறுந்துவிடும்போல் இருந்தது. பத்தரிடம் கொடுத்து மாற்ற வேண்டும் என்று அக்கா அழைத்துப்போனாள். தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் மெட்ரோ தடதடவென்று ஓடும். கீழே ஃபோபூர் சேன் தெனி தெருவில், அந்த நாளில் தமிழ்க் கடைகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். முருங்கைக்காய் கிலோ முப்பத்தைந்து ஃப்ராங்க் என்று அட்டையில் எழுதியிருந்தது. அந்த விலைக்கு எங்கள் ஊரில் மரத்தையே வெட்டி வீட்டில் போடுவார்கள். கடை வாசலில் ஐந்தாறு இளைஞர்கள் குளிர்கோட்டுக்குள் கைகளை விட்டுக்கொண்டு நின்று பேசினார்கள். "அங்கை வேலை இருக்காம்", "ஓம், நாளைக்கு வரச் சொன்னவங்கள்" என்று காதில் விழுந்தது. எல்லோரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். ஊரில் சண்டை. யாரும் ஆசைப்பட்டு வந்த ஊர் இல்லை இது. ஆனாலும் வறுத்த மிளகாய் வாசனையும் தமிழ்ச் சத்தமும் சேர்ந்து அடித்தபோது, பத்து நாளாகப் பிரெஞ்சில் திணறிக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்தர் சிவம் மளிகைக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். மற்ற நாட்களில் உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவும் வேலை. ஞாயிறும் செவ்வாயும் நகை வேலை. நான் பாத்திரம் விற்கிறவன் என்றதும் சிரித்துவிட்டார்.

"அப்ப நாங்கள் ஒரு தொழில்தான் அண்ணை. நீங்கள் விக்கிறியள், நான் கழுவுறன். இருங்கோ."

வண்டை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு, அது இருந்த பொன் கூட்டைக் குறடால் மெல்ல நெகிழ்த்திக் கல்லைத் தனியே எடுத்து, பல் துலக்கும் பழைய தூரிகையால் தேய்த்தார். இருபது வருஷத்துச் சந்தனமும் பவுடரும் கறுப்பாகக் கரைந்து வந்தன. அடுத்து ஒரு காரியம் செய்தார். சின்ன அடுப்பில் அரக்கைச் சூடு காட்டி, வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற மாதிரி ஒரு துண்டு எடுத்து உருட்டித் தட்டையாக்கி, வண்டின் அடிப்பக்கத்தை அதன்மேல் அழுத்தினார்.

"என்ன தம்பி பண்றீங்க?" என்று அக்கா பதறினாள்.

"பயப்பிடாதையுங்கோ அக்கா. செதுக்கின கல்லு எது வந்தாலும் நான் இப்பிடி ஒரு அச்சு எடுத்து ஆக்களிட்டைக் குடுத்துவிடுவன். பிறகு, சிவம் கல்லை மாத்திப்போட்டான் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. என்ரை அப்பா பழக்கினது."

அரக்கு ஆறியதும் அதை அக்கா கையில் வைத்தார். அழுக்கு அடைத்துக் கிடந்ததில் இத்தனை நாள் சரியாகத் தெரியாத எழுத்து, அரக்கில் பளிச்சென்று புடைத்து நின்றது. மேலே ஒரு வட்டம். நடுவில் சீப்பு மாதிரி பல்லுப் பல்லாக ஒன்று. கீழே ஒரு வண்டு. மூன்றையும் சுற்றி முட்டை வளையம், அடியில் முடிச்சு.

"நல்ல வேலை" என்றார் பத்தர். "இதை வெட்டுறதெண்டா எனக்கு ரெண்டு நாள் வேணும்."

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் முந்தைய நாள்தான் தெரிந்துகொண்ட விஷயம். அரைகுறைப் படிப்பு வயிற்றில் தங்காது.

"அக்கா, இந்த வளையம் ராஜா பேருக்குத்தான் போடுவாங்களாம். மாலா சொன்னா."

"எங்க வீட்டு ராஜா பேருதான்" என்று அக்கா சிரித்தாள். சிரித்தவள் அரக்கை மறுபடி பார்த்தாள். பத்தரைப் பார்த்தாள். "ரெண்டு நாளா தம்பி? அஞ்சு நிமிஷத்துல வெட்ட முடியாதா?"

"அஞ்சு நிமிசத்திலை அழுக்குத்தான் துடைக்கலாம் அக்கா."

அக்கா கையை நீட்டினாள். "சங்கிலி வளையம் அப்புறம் மாத்திக்கலாம். குடுங்க" என்று வண்டையும் பொன் கூட்டையும் சங்கிலியையும் அரக்கையும் வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். ரயிலில் திரும்பும்போது அந்த முடிச்சை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஒன்றுமில்லாத அக்காவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. கார்ஜ் நிறுத்தத்தில் இறங்கும்போது, "அப்ப இது யார் பேருடா?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை மாலா கல்லூரிக்கு மட்டம் போட்டாள். மூன்று பேருமாகக் கார் து நோரிலிருந்து மெட்ரோ பிடித்து, ஷாத்லேயில் மாறி, லூவ்ர் அரண்மனைக்குப் போனோம். அந்த அரண்மனைதான் இப்போது அருங்காட்சியகம். முற்றத்தைக் குளம் வெட்டுகிற மாதிரி தோண்டிப் போட்டிருந்தார்கள். அங்கே கண்ணாடியில் ஒரு பிரமிடு எழும்பப்போகிறதாம். பிரெஞ்சுக்காரர்களுக்கு எகிப்துப் பைத்தியம் தெளியவே தெளியாது என்று மாலா சொன்னாள். நுழைவுச்சீட்டு ஆளுக்கு இருபது ஃப்ராங்க்.

எகிப்துக் கூடங்களைத் தேடி நடந்த நடையில் என் கால் வீங்கிவிட்டது. கல் சிங்கங்கள், கல் பெட்டிகள், துணி சுற்றிய பிணங்கள். அக்கா எதையும் நின்று பார்க்கவில்லை. மருத்துவமனையில் டாக்டர் அறையைத் தேடிப் போகிறவள்போல் போய்க்கொண்டேயிருந்தாள். கடைசியில் ஒரு கண்ணாடிப் பெட்டிமுன் மாலா நின்றாள்.

உள்ளே வண்டுகள். நீலம், பச்சை, கறுப்பு, வெள்ளை. உளுந்து அளவிலிருந்து எலுமிச்சம்பழ அளவு வரை. சிலவற்றை நிமிர்த்தியும் சிலவற்றைக் கவிழ்த்தும் வைத்திருந்தார்கள். கவிழ்ந்து கிடந்தவற்றின் அடியில் பெயர்கள். அக்கா கைக்குட்டையை அவிழ்த்து அரக்கைக் கண்ணாடிமேல் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு வரிசை முழுக்க அதே வட்டம், அதே சீப்பு, அதே வண்டு.

மாலா பெட்டியிலிருந்த விளக்க அட்டையைப் பிரெஞ்சில் படித்துவிட்டுத் தமிழில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். வட்டம் சூரியன். சீப்பு மாதிரி இருப்பது காய் அடுக்கிய சொக்கட்டான் பலகை. வண்டு என்றால் உருவாவது, பிறப்பது. மூன்றும் சேர்ந்தால் மென்கெப்பர்ரே. மூன்றாம் துத்மோஸ் என்ற அரசன் முடிசூடியபோது வைத்துக்கொண்ட பெயர்.

"ரொம்பப் பெரிய ராஜாவாம், மமோன். அவர் செத்துப் பல நூறு வருஷம் கழிச்சும் இதே பேரை வெட்டி வெட்டிப் போட்டுக்கிட்டே இருந்தாங்களாம். அவரைப் பாக்காதவங்க, பின்னாடி பொறந்தவங்க எல்லாம். போட்டுக்கிட்டா காவல்னு நம்பிக்கை." கொஞ்சம் தயங்கி, "பப்பாவை அந்த ஆள் ஏமாத்திட்டான்" என்றாள்.

அக்கா பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் மாலாவைப் பார்த்தேன், மாலா என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த போர்ட் சயீத் படகுக்காரன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவு தூரம் வந்து அக்காவிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டேனே என்று என்மேலும் வந்தது. கணவன் கட்டிய தாலி என் பெட்டிக்குப் போகப்போகிறது. கணவனின் பெயரென்று அவள் நினைத்தது எவனோ ஒருவன் பெயர். அப்புறம் அவளுக்கு என்னதான் பாக்கி?

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடப் பாவி மனுஷா! இருபது வருஷத்துக்கு மேல இன்னொருத்தன் பேரைக் கழுத்துல கட்டித் தொங்கவிட்டுட்டுப் போயிட்டியே! வாயால உன் பேரைச் சொன்னா உன் ஆயுசு குறையும்னு பயந்து கெடந்தேன். இங்க எவனோ ஒரு ராஜா என் நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கிட்டிருந்திருக்கான்."

மாலாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். காவலாளி எட்டிப் பார்த்தான். சிரித்துக்கொண்டே அக்கா அழ ஆரம்பித்தாள். பத்து நிமிஷம் அழுதாள். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். ஜப்பான்காரர் கூட்டமொன்று எங்களையும் ஒரு காட்சிப்பொருளாகப் பார்த்துவிட்டு நகர்ந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் மறுபடி கண்ணாடிப் பெட்டியிடம் போனாள். ரொம்ப நேரம் நின்றாள்.

"மாலா, செத்து எத்தனை வருஷம் கழிச்சுன்னு சொன்ன?"

"பல நூறு வருஷம், மமோன்."

"யாரும் கழட்டச் சொல்லலயா?"

"மாட்டாங்கன்னுதான் நெனைக்கறேன்."

"ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ கோவிச்சுக்கக் கூடாது. அந்தப் பொட்டலத்தைத் தர மாட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. பெரியப்பா முகம் ஒரு நொடி கண்முன் வந்தது, அவ்வளவுதான். "சரிக்கா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கெல்லாம் லா சப்பலில் இருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பத்தர் அப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்திருந்தார். அக்கா மஞ்சள் துணியை அவிழ்த்துத் தாலியை மேசையில் வைத்தாள். இரண்டு பொட்டு, நடுவில் ஒரு லட்சுமிக் காசு. பக்கத்தில் கல் வண்டையும் சங்கிலியையும் வைத்தாள்.

"இதைச் சங்கிலியில கோத்துக் குடுங்க தம்பி."

பத்தருக்கு அத்தான் தவறிய விஷயம் தெரியும். அந்தத் தெருவில் தமிழர் வீட்டுச் சாவு யாருக்கும் தெரியாமல் போகாது. அவர் தாலியைத் தொடவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணை, குறை நினைக்கக் கூடாது. எங்கடை ஊரிலை தாலி எண்டா பொன்னுருக்கிறதுக்கே நாள் பாக்கிறது. இது... நான் எப்பிடி அண்ணை? நாளைக்கு ஆராவது என்னைக் கேப்பினம்."

எனக்குச் சுருக்கென்றது. அதைத்தானே பெரியப்பாவும் சொல்லியனுப்பினார்? இரண்டு கடல் தாண்டி இந்த மாடியறைக்கும் அதே பேச்சு வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா பேசினாள். குரலில் கோபமில்லை.

"நாள் பாத்து ஒருதரம் கட்டியாச்சு தம்பி. அவர்தான் கட்டினார். உங்களை நான் கட்டச் சொல்லல. கோக்கத்தான் சொல்றேன்."

மேலே மெட்ரோ போனதில் மேசைமேலிருந்த சாமான்கள் அதிர்ந்தன. பத்தர் எழுந்துபோய்க் குழாயில் கை கழுவிவிட்டு வந்தார். வந்து தாலியை இரண்டு கையாலும் எடுத்தார்.

"அப்ப இந்தப் பூச்சி?"

"அதுவும் இருக்கட்டும். காவலாம். ஏமாந்து வாங்கினாலும் எனக்காகத்தானே வாங்கினார்? தாலிக்குப் பக்கத்துல குண்டு, பவழம்னு கோக்கறதில்லையா, அது மாதிரி கோத்துடுங்க. ராஜா நடுவுல வரக் கூடாது. ஓரமா இருக்கணும்."

பத்தர் சிரித்துவிட்டார். வண்டைக் கண்ணாடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இதுக்குக் கூடே தேவையில்லை. இஞ்சை பாருங்கோ, தலையிலையிருந்து வால் வரைக்கும் துளை இருக்கு. ஊத்தை அடைச்சுக்கொண்டு கிடக்கு. முந்தி இதை நூலிலைதான் கோத்திருப்பினம்." ஊசியால் குத்திக் குத்தி அழுக்கை எடுத்தார். ஊதினார். மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. அந்தக் கல் நிஜமாகவே பழங்காலத்ததா, கடைத்தெருவுக்கென்று செய்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரிடமும் காட்டிக் கேட்கவுமில்லை.

சங்கிலியில் முதலில் ஒரு பவழம், பிறகு ஒரு பொட்டு, லட்சுமிக் காசு, இன்னொரு பொட்டு, அதற்கப்புறம் வண்டு, மறுபடி ஒரு பவழம். பவழம் இரண்டும் பத்தர் தன் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டது. அதற்கு அவர் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. முடித்ததும் அக்கா கையில் கொடுக்காமல் ஒரு வெற்றிலையைத் தேடியெடுத்து அதன்மேல் வைத்து நீட்டினார். அக்கா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தானே தலைவழியாகப் போட்டுக்கொண்டாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே மழையில் நனைந்துகொண்டு யாரோ தக்காளிப் பெட்டிகளை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெரு எனக்கு அந்த நிமிஷத்தில் பிடித்ததுபோல் வேறெந்த ஊரில் எந்தத் தெருவும் பிடித்ததில்லை.

இப்போது லா சப்பலில் தங்க நகைக் கடைகளே வரிசையாக இருக்கின்றன என்றும், புடவைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் தெரு நிறைந்து கிடக்கின்றன என்றும் மாலா எழுதுகிறாள். இருக்கட்டும். எனக்குத் தெரிந்த லா சப்பல் அந்த மாடியறையும் அரக்கு வாசனையும்தான். அதை நினைத்தால் இப்போதும் மனசு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஊருக்குக் கிளம்பிய அன்று கார் து நோர் வரை அக்கா வந்தாள். கோட்டுக்கும் கம்பளிச் சட்டைக்கும் வெளியே தாலி தெரியப் போட்டிருந்தாள். எங்கள் ஊர் ரயிலடியாக இருந்தால் நாலு பேர் நின்று பார்த்திருப்பார்கள், ஐந்தாவது ஆள் கேட்டே இருப்பார். இங்கே ஆயிரம் பேர் இடித்துக்கொண்டு போனார்கள், ஒருவருக்கும் அது என்னவென்று தெரியாது. ஆள் தெரியாத ஊரிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. கூட்டத்தில் யாரோ ஒரு யாழ்ப்பாணத்து அம்மாள் மட்டும் அக்காவின் கழுத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். எந்தத் துக்கமும் அறியாத சுமங்கலி என்று நினைத்திருப்பாள். அக்காவும் சிரித்தாள்.

"பெரியப்பா கேட்டா என்னக்கா சொல்லட்டும்?"

"வாங்கிட்டு வரத்தானே சொன்னாரு? இந்தா" என்று அக்கா என்முன் கழுத்தை நீட்டினாள். "கழட்டிக்க."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் நீட்டிய கழுத்தை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. என் கை எழவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

கும்பகோணத்தில் வீட்டு வாசலில் இறங்கியதும் பெரியப்பா பயணம் எப்படி என்று கூடக் கேட்கவில்லை. பொட்டலத்துக்குக் கையை நீட்டினார். அருங்காட்சியகம், ராஜா, பத்தர் என்று எதையும் நான் விளக்கப் போகவில்லை.

"அது அக்கா கழுத்துல இருக்கு பெரியப்பா. என்னால கழட்ட முடியல. நீங்க போய் உங்க கையால கழட்டிட்டு வாங்க" என்றேன்.

அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி இருந்தது. பிறகு மடக்கிக்கொண்டார். "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.